இரைச்சல் என்று நான் பெயரிட்ட வரி

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
ஆட்டோவில் என் மடிமேல் பன்னிரண்டு பலகைகள்,
கேரம் போர்டு செய்பவரிடம் அறுத்து வாங்கிய ப்ளைவுட்,
அடியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசிய சென்சார்கள்.

ஆட்டத்தின் விதி எளிது:
இருவர் ஒரே நேரத்தில் மிதித்தால்தான் விளக்கு எரியும்.
“சேர்ந்து விளையாட வைக்கும் தரை” என்று
விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.
சேர்ந்து என்ற சொல்லின் மேல்
அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆட்டிசம் உள்ளவர்கள் நால்வர், இல்லாதவர்கள் பதினொருவர்
என்று என் நோட்டில் இருந்தது.
மாநகராட்சிப் பள்ளியின் அந்த அறையில்
கோடு போட்டு யாரும் உட்காரவில்லை.

பர்வீன் குதித்தாள். லோகு குதித்தான்.
பச்சை, நீலம், ஒரே கூச்சல்.
இன்பராஜ் காதைப் பொத்திக்கொண்டு
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய்விட்டான்.
“அவன் அப்டித்தான்க்கா, நீ போடு” என்றாள் பர்வீன்,
மழை வருது என்று சொல்வதுபோல.

ஒலியை நிறுத்தினேன். வெளிச்சத்தைப் பாதியாக்கினேன்.
மறுவாரம் வந்தான்,
ஏறவில்லை.
ஓரத்துப் பலகையில் கன்னம் வைத்துக் குப்புறப் படுத்தான்.
படம் காட்டி அழைத்தேன்.
கையைப் பிடித்து இழுக்க லோகுவை அனுப்பினேன்,
எழுதவே கூசுகிறது.
கடி பட்டது லோகுவுக்கு.

பதினொன்று இருபதுக்குத்
துறைமுகத்திலிருந்து சரக்கு வண்டி.
சத்தம் வரும் முன்பே இன்பராஜின் விரல்கள் ஆடின.
என் திரையில் பன்னிரண்டு கோடுகளும் லேசாக நடுங்கி
உடனே நேராகிவிட்டன.
அந்த நடுக்கம் எனக்குத் தெரியும்.
மூன்று இரவு கண்விழித்து
அதை வடிகட்டவென்றே ஒரு வரி எழுதியிருந்தேன்.
வரிக்கு வைத்த பெயர்: இரைச்சல்.

அழித்தேன்.

அடுத்த வண்டிக்காக அறையே காத்திருந்தது
என்று சொல்ல ஆசைதான்.
லோகு மூக்கு நோண்டினான்.
பர்வீன் தண்ணி குடிக்கப் போனாள்.

முதலில் ஓரத்துப் பலகை,
ஊதா, இருக்கிறதா இல்லையா என்னும் அளவு.
பிறகு பக்கத்துப் பலகை.
பிறகு வேகன் வேகனாக
வெளிச்சம் தரையில் ஊர்ந்தது.

“இன்னாக்கா இது, யாருமே மிதிக்கலயே!”
ஈர வாயோடு பர்வீன் வந்து
அவன் படுத்த மாதிரியே படுத்தாள்.
“டேய், உள்ள கொர்ருனு வருதுடா.”
லோகு படுத்தான். இன்னும் நாலு பேர்.
“ஐம்பத்தெட்டு” என்றான் இன்பராஜ்,
யாரையும் பார்க்காமல்.
“போடா, நாப்பது.”
எண்ணிக்கையில் சண்டை வந்தது.

நட்பு என்று இதற்குப் பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை,
ஒருமுறை பெயர் வைத்துப் பட்டாயிற்று.
பர்வீனின் பின்னல் அவன் பலகைமேல் விழுந்தது.
ஒரு சாண் தள்ளிப் படுத்தான்.
எழுந்து போகவில்லை.

அறிக்கையில் ஒரு கட்டம்:
சேர்ந்து மிதித்த தடவைகள்.
பூஜ்யம் என்று நிரப்பினேன்.

திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி நேரமெல்லாம் எழுதித் தருவீர்களா
என்று கேட் கீப்பரிடம் கேட்டேன்.
“அதுக்கு ஏதும்மா டைம், வர்றப்ப வரும்.”
ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார்.
இறங்கிச் செருப்பைக் கழற்றினேன்.
தார் சுட்டது.
நின்றேன்.