வாள் நடனத்துக்குத் தனிக் காசு

கார்த்திகை பிறந்தால் என் தொலைபேசி ஓயாது.
"ஸ்கொட்லாந்துக் கோஷ்டி ஒண்டு உங்களிட்ட இருக்குதாமே?"
இருக்கு.
பைப்பர் ஒருவர், ட்ரம் ஒன்று, ஆடப் பெண்கள் மூவர்.
கேக் வெட்டும்போது மட்டும் என்றால் ஒரு விலை,
வாசலில் நின்று விருந்தினரை அழைத்துவர இன்னொன்று.
வாள் நடனத்துக்குத் தனிக் காசு.
"அசல் ஆக்களோ?"
இந்த இடத்தில் நான் எப்போதும்
பேனையை மேசையில் வைத்துவிடுவேன்.

பைப்பர் துவான் ஜஹாங். கொம்பனித்தெரு.
பொலிஸ் வாத்தியக் குழுவில் இருபத்திரண்டு வருடம்.
யாராவது பாவாடை என்றால்
"கில்ட்" என்று திருத்துவார், முகம் அசையாமல்.
கடற்காற்றில் ரீட் ஊறிப்போகும் என்று
அதை ஒரு பிடி பச்சையரிசியோடு
மருந்துப் போத்தலில் போட்டு வைத்திருப்பார்.
அவர் மனைவி ஒருநாள் அந்த அரிசியைக்
கஞ்சியில் போட்டுவிட்டாள்.
அன்று மவுண்ட் லவினியாவில் கல்யாணம்.
வாத்தியம் ஆட்டுக்குட்டிபோலக் கத்தியது.
மாப்பிள்ளை வீட்டார் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்
கைதட்டினார்கள்.

கிளவ்டியா யூலிங்கும் அவள் மச்சாளும் தெஹிவளை.
மூன்றாமவள் அபிரா, கணக்கியல் படிக்கிறாள்.
பதினொரு வருடம் தரையைத் தட்டப் பழகிய கால்.
இதிலோ குதி படக்கூடாது,
மத்தியானத் தார்வீதியில் செருப்பில்லாமல் நிற்பதுபோலத்
துள்ள வேண்டும்.
முதல் மாதம் முழுக்க
தரை அவளைக் கீழே இழுத்தது.
இப்போது அவள்தான் வாளுக்குமேல் ஆடுகிறாள்,
ஒருமுறைகூடத் தட்டுப்பட்டதில்லை.

வாள்கள் மருதானையில் செய்வித்தவை.
பலா மரம், வெள்ளிப் பூச்சு.
தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டும்.

அபிரா பிறந்திராத காலம் ஒன்று இருந்தது.
இரவு பத்தரை,
காலிமுகத்திடல் தாண்டிச் சோதனைச் சாவடி.
டிக்கியைத் திறந்தார்கள்.
இரண்டு வாள்.
என் அடையாள அட்டையில் பிறந்த இடம் சாவகச்சேரி.
டோர்ச் வெளிச்சம் வாளுக்கும் அட்டைக்குமாய்
மூன்று தரம் போய் வந்தது.
பின் ஆசனத்தில், கறுப்புத் தோல்பை,
அதிலிருந்து ஐந்து குழாய்கள்.
"அதுக்குள்ள என்ன?"
ஜஹாங் சிங்களத்தில் சொன்னார்:
"காத்து, சேர்."
"காட்டு."

காற்றை எப்படிக் காட்டுவது?
இறங்கினார். சொக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டார்.
பையைக் கக்கத்தில் இடுக்கி
ஊதினார்.
மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து
தொப்பி போட்ட தலைகள் ஒவ்வொன்றாய் எழும்பின.
நாய்கள் குரைத்தன. கடல் தன் பாட்டுக்கு இருந்தது.
ஒரு சின்னப் பொடியன், மீசைகூடச் சரியாக வராதவன்,
துவக்கைத் தோளில் போட்டபடி
வலது பூட்ஸால் மெல்லத் தாளம் போட்டான்.
நான் கைகளை உயர்த்தவா வேண்டாமா என்று தெரியாமல்
அரைவாசியில் வைத்திருந்தேன்.

வாள்களைத் திருப்பித் தந்தார்கள்.
பைப்புக்கு ஒருவன் சலூட்கூட அடித்தான்.
என் அட்டையை மட்டும்
இன்னொருமுறை வாங்கிப் பார்த்தார்கள்.

வீடு வரும்வரை ஜஹாங் பேசவில்லை.
இறங்கும்போது சொன்னார்,
"மூண்டு நிமிசம் ஊதினன். பில்லில போடுங்கோ."

"ஹலோ, இருக்கிறீங்களோ? அசல் ஆக்களோ எண்டு கேட்டன்.
தேயிலைக் கொம்பனி விருந்து,
லண்டனிலிருந்து டைரக்டர்மார் வருகினம்.
அதோட அண்டைக்குப் போயா, விஸ்கி ஊத்த ஏலாது.
கொஞ்சம் குறைக்க மாட்டீங்களோ?"

பேனையை எடுக்கிறேன்.
குறைக்க ஏலாது.
அரைவாசி முற்பணம்.
குழுவுக்கும் சாப்பாடு வேணும், ஒருவருக்கு ஹலால்.
உடுப்பு மாத்த மின்விசிறியோட ஒரு அறை,
கில்ட் ஏழு யார் கம்பளி, ஐயா, இது கொழும்பு.
ஆக்கள் எல்லாரும் அசல்.
வாள் ரெண்டும் போலி,
அதை வேணுமெண்டால் எழுத்தில தாறன்.