படி

அன்புக்கொடி டீச்சருக்கு
அனுபவச் சான்றிதழ் அடித்தவன் நான்.
முதலில் பதினோரு வருஷம் என்றுதான் அடித்தேன்.
தாளாளர் பச்சை மசியால் வெட்டி
ஏழு என்று மேலே எழுதினார்.
"முதல் நாலு வருஷத்துக்கு பி.எஃப். கட்டலையேப்பா,
பேப்பர்ல ஏத்திட்டா நாளைக்கு எவன் பதில் சொல்றது?"
ஜன்னலுக்கு வெளியே யானைமலை
எழுந்திருக்கிற உத்தேசமில்லாமல் கிடந்தது.

அந்த நாலு வருஷமும் காலை எட்டேகாலுக்கு
ஒத்தக்கடை நிறுத்தத்தில் இறங்கி
லாரிகளுக்கு நடுவே அவர் ரோட்டைக் கடந்தது
எனக்குத் தெரியும்.
மாசக் கடைசியில் வவுச்சர் எழுதியதும் நான்தான்:
சாக்பீஸ்,
பினாயில்,
வேதியியல் ஆசிரியை.
மூன்றுக்கும் ஒரே தலைப்பு,
இதர செலவு.

நியூசிலாந்தில் சம்பளம் படிக்கணக்காம்.
படித்த படிப்பை முதலில் யாரோ எடை போடுவார்கள்,
காமராஜர் பல்கலைக்கழகத்து எம்.எஸ்ஸி.
அங்கத்துத் தராசில் எவ்வளவு இறங்கும் என்று.
அதில் ஆரம்பப் படி.
பிறகு கரும்பலகை முன்னால் நின்ற
ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு படி,
அத்தாட்சி இருந்தால்.
நாலு படிக்கு எவ்வளவு என்று
டீச்சர் என்னிடம் சொல்லவில்லை.
நான் செல்போனில் போட்டுப் பார்த்தேன்.
ரூபாயில் மாற்றினேன்.
மறுபடியும் போட்டுப் பார்த்தேன்,
சைபர் கூடிவிட்டதோ என்று.

சான்றிதழ் வாங்க வந்த அன்றைக்கு
"ரெண்டு படி எடுத்துக் குடுங்க சார்" என்று
ஜெராக்ஸுக்குச் சில்லறை நீட்டினார்.
ஏழு என்ற இடத்தில் விரல் நின்றது.
கோபமாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
"பிப்பெட்ல ஆசிட் வாய்க்குள்ள போச்சே,
உங்க டி.வி.எஸ்.ல வச்சு
பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே,
அது இதுல இருக்கா?"
இல்லை.
அது மூன்றாவது வருஷம்.

மார்கழி அஷ்டமி.
வெளிவீதியில் சப்பரம் நகர்கிறது,
எல்லா உயிருக்கும் சொக்கர் படியளக்கிற நாள்.
எறும்புக்குமாம், கல்லுக்குள் தேரைக்குமாம்.
இறைத்துப் போன அரிசியில்
நானும் குனிந்து ஒரு பிடி பொறுக்கி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
மத்தியானம் ஆபீசைத் திறந்தேன்.
பள்ளிக்கூடத்து மெயிலில் ஒரு கடிதம்.
அதற்குப் பாஸ்வேர்ட் என்னைத் தவிர
யாருக்கும் தெரியாது,
தாளாளருக்கு அது வேண்டியும் இருந்ததில்லை.

விண்ணப்பத்தில் பதினோரு வருஷம் என்கிறார்,
சான்றிதழில் ஏழுதான் இருக்கிறது.
விடுபட்ட நான்கில் உங்களிடம் வேலை பார்த்தாரா?
முழு நேரமா? வாரத்துக்கு எத்தனை மணி?
மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள்.

முப்பத்தாறு பீரியட்.
அதுபோக, லீவு போட்டவர் வகுப்பு,
பஸ்ஸுக்குள் ஏறிப் பிள்ளைகளை எண்ணுவது,
அட்மிஷன் நோட்டீசோடு ஏப்ரல் வெயிலில்
நரசிங்கம், திருமோகூர் என்று வீடு வீடாக.
இதற்கெல்லாம் அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
ஆமாம் என்று அடித்தேன்.
முழு நேரம் என்று அடித்தேன்.
தாளாளர் அறையில் மின்விசிறி
ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

உறுதி செய்பவர் பெயர் என்று ஒரு கோடு.
அடித்தேன்.
பதவி என்று அடுத்த கோடு.
கர்சர் ரொம்ப நேரம் துடித்தது.
பையில் கைவிட்டேன், பச்சரிசி.
இரண்டை வாயில் போட்டு மென்றேன்.
இருபது வருஷமாக என் வவுச்சரையும்
நானேதான் எழுதுகிறேன்,
அதே தலைப்பில்.