லக்கா

லக்காப் பழம் விளையும் சதுப்பு எங்கே என்று
கைனூவில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.
கட்டிய கணவன், எனக்கே
ஸைலா பதினோரு வருடமாய்ச் சொல்லவில்லை.

சனிக்கிழமை.
கூடாரத்து வாசலில் கொசுவை ஊதி ஊதிக்
காபி காய்ச்சிக்கொண்டிருந்தேன்.
இரவு மணி பத்து,
பைன் மரங்களின் இடுப்பளவில் வெயில்.
மகன் ஊர்ஹோ நாள் முழுக்கத் தேடியதில்
மூன்று காளான். ஒன்றில் புழு.
புழுவுக்குப் பெயரும் வைத்துவிட்டான்.

ஐலி எங்கே என்று நாங்கள் எழுந்த நேரம்
பிர்ச் மரங்களுக்குள்ளிருந்து வந்தாள்:
ஒரு பூட்ஸ் காலில்,
ஒன்று கையில்.
கையிலிருந்ததற்குள்
முக்கால்வாசி லக்கா, ஆரஞ்சாய், நசுங்கி.

எங்கே பறித்தாய்?
உதட்டை இறுக்கிக்கொண்டாள்.
ஆறு வயது.

திட்டப்போகிறாள் என்றிருந்தேன்.
ஸைலா அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள்,
வாளியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்,
ஈரக் காலுறையைப் பிழிந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

விடியலில், அங்கே அதற்கு விடியல் என்று பெயரென்றால்,
வெட்கமில்லாமல் தடம் பிடித்துப் போனேன்.
கொஞ்சதூரம்
ஒரு பூட்ஸ், ஒரு வெறுங்கால்,
ஒரு பூட்ஸ், ஒரு வெறுங்கால்.
அப்புறம் பாசி.
மிதித்ததையெல்லாம் ராத்திரியே
நிமிர்த்தி வைத்திருந்தது.