பனித்தடுப்பு வேலி, அறுபது மீட்டர்

கோக்-தாலா ஊராட்சிக் கணக்கேட்டில்
மல்யுத்த மெத்தைக்குத் தலைப்பு இல்லை.
சாலை உண்டு, இடுகாடு உண்டு,
நாய்க்கடி ஊசி உண்டு.
பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி
தூக்கிப் போட்டுப் பழக
எந்தப் பத்தியிலும் இடமில்லை.
பதினொரு வருடமாக நான் கோடு போடும் ஏடு,
எனக்குத் தெரியாதா.

பெர்மெத்தின் முழங்கை அதுவரை
வைக்கோல் மேல் விழுந்து பழகியிருந்தது.
வைக்கோலுக்கு அடியில் தரை.
தரைக்குள் அக்டோபரிலேயே இறங்கிவிடும் உறைபனி.
இரண்டாம் முறை கட்டுப்போட்ட அன்று
அவள் அம்மா வரி கட்ட வந்தாள்.
மீதிச் சோம்களை எண்ணி வாங்கினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒன்றும் சொல்லாததுதான்
என்னை எழுத வைத்தது:
பனித்தடுப்பு வேலி, அறுபது மீட்டர்.

நாரினிலிருந்து லாரியில் வந்தது மெத்தை,
கொழுத்த சுருளாக.
பள்ளிக் கதவு அதைவிட ஒல்லி.
தலைமையாசிரியர் அளவுநாடாவோடு நின்றார்.
குதிரை விற்ற காசில் பாதியைக் குறையும் தொகைக்குப் போட்டிருந்த
தொக்தோசுன்
கடப்பாரையோடு வந்து
ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தான்.
இரண்டு இரவு வகுப்பறைக்குள் பனி பெய்தது.
அதைக் காற்றோட்டம் என்று எழுதினேன்.

சுற்றி வந்த அட்டையை
எர்மெக் கேட்டு வாங்கிப் போனான்.
மாமன் கிடையில் ஆட்டு முதுகில்
அடையாளம் போடும் சாயம்,
சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று.
அவனிடம் இருந்த நிறமெல்லாம் அவ்வளவுதான்.
சிவப்பில் பெர்மெத், நீலத்தில் கன்ஷாயிம்,
பிடரியில் ஒரு பிடி, காற்றில் இரண்டு கால்.
மலையும் நீலம். குதிரையும் நீலம்.
விழுகிறவளின் கண்ணை மட்டும்
சாயம் தொடாமல் விட்டிருந்தான்,
வெறும் அட்டையாக.
அதுதான் நம்மைப் பார்த்தது.

மே மாதம் தணிக்கையாளர் வந்தார்.
வேலி எங்கே என்றார்.
பனி உருகிவிட்டது ஐயா என்றேன்.
வேலியுமா என்றார்.
பேசாமல் பள்ளிக்கு அழைத்துப் போனேன்.

பெர்மெத் அப்போது
தன்னைவிடப் பத்துக் கிலோ கூடியவளை
இடுப்பில் ஏற்றி, ஒரு சுழற்று,
கிடத்தினாள்.
எலும்பு கலக்காத சத்தம்.
தணிக்கையாளர் குனிந்து ஷூவைக் கழற்றினார்.
காலுறை ஓட்டையில் பெருவிரல்.
ஓரத்தை மட்டும் மிதித்துப் பார்த்தார்,
ஆற்றில் இறங்க யோசிக்கிறவர்போல.

அறிக்கையில் இருந்தது:
வேலி நேரில் பார்க்கப்பட்டது. உறுதியாக உள்ளது.

மாவட்டப் போட்டியில் பெர்மெத்
முதல் சுற்றிலேயே தோற்றாள்.
அதையும் எழுதத்தானே வேண்டும், கணக்கு என்றால்.
மறுநாள் காலை ஆறு மணிக்கு
பள்ளிச் சாவி கேட்டு என் கதவைத் தட்டினாள்.
இது எந்தப் பத்தி என்று தெரியவில்லை.

நேற்று எர்மெக் வந்து நின்றான்.
சரிவெல்லாம் புல் வந்துவிட்டதாம்.
தன்னிடம் பச்சை இல்லையாம்.

ஏட்டைப் புரட்டுகிறேன்.
கால்நடை. அடையாளச் சாயம்.
சிவப்பு ஒரு வாளி, நீலம் ஒரு வாளி.
கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது.
ஆட்டுக்கு எதற்குப் பச்சை என்று
கேட்பார்கள்.