ரஸ்தாவில் வாங்கிக்கொள்பவர்

பத்து மில்லி ரத்தம்,
ஊதா மூடி, எண் நாற்பத்தொன்று.
குழாயில் பெயர் எழுதக் கூடாது.
காரைக்குடியில் பெயரை மறைத்தால்
ஆள் மறைந்துவிடுவாரா?
தேவகோட்டை டவுன் பஸ் கண்டக்டர் அடைக்கலம்.
குடலில் ஒரு முழம் வெட்டியெடுத்து
நாலு மாதம் ஆகியிருந்தது.

"எதைத் தேடுறீக?" என்றார்
சட்டைக் கையை இறக்கியபடி.
படித்த வார்த்தைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன்,
ஒன்றும் உதவவில்லை.
பிறகு சொன்னேன்:
கட்டி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு
துளித்துளியாய்ப் பொட்டலம் கட்டி
ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது.
"ஆள் ஏற மாட்டாக, கவர மட்டும் குடுத்துவிடுவாக.
ரஸ்தாவுல ஒருத்தர் வாங்கிக்கிருவாக. அதானே?"
அதேதான்.
மூன்று வருடமாய் என் ஆய்வேடு தடுமாறிய பத்தியை
ஒரு ஸ்டாப்புக்குள் முடித்துவிட்டார்.

"உள்ள என்ன எழுதியிருக்கும்?"
எதையும் கட்டு என்று இருக்காது, அண்ணே.
புரதம் செய்யத் தெரியாத ஆர்என்ஏ.
குப்பை என்று நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தோம்.
ஈரலில் போய் இறங்கும்,
காவல் நிற்கிற செல்லின் வாயை மெல்லப் பொத்தும்,
பாய் விரிக்கச் சொல்லும்.
வரப்போகிறவர்
இன்னும் கிளம்பியே இருக்க மாட்டார்.

ராத்திரி சுழலி
லட்சம் மடங்கு ஈர்ப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.
நடுவில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கறை.
அதில், நான் தேடிய இருபத்திரண்டு எழுத்து.
போன தடவையைவிட ஒன்பது மடங்கு.

ஸ்கேன் சுத்தம்.
மதுரை டாக்டரின் கையெழுத்தும் இருக்கிறது.
ஒப்புதல் படிவம், ஏழாம் பத்தி:
முடிவுகள் பங்கேற்பவருக்குத் தெரிவிக்கப்படா.
சரியான பத்திதான், எழுதியவளே நான்தான்.
நாற்பத்தொரு குழாயை வைத்து
யார் தலையிலும் எதையும் எழுத முடியாது.
தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வண்டியில் ஏறினேன்.
விசில் வாயில், பை தோளில்,
கன்னத்தில் கொஞ்சம் சதை திரும்பியிருந்தது.
ரஸ்தாவில் ஒரு பையன் கை நீட்டினான்.
பழுப்புக் கவரைக் கொடுத்துவிட்டு,
"உள்ள என்னன்னு கேக்குறது நம்ம வேலையில்ல பாருங்க"
என்று சிரித்தார்.
பிறகு, சிரிக்காமல்,
"எனக்கு ஏதும் கவர் வந்துருக்கா?"

மகளிர் இலவசச் சீட்டை
நாலாக, எட்டாக மடித்தேன்.
"அடுத்த ஸ்கேனை இந்த மாசமே எடுத்துருங்கண்ணே."
அப்படிச் சொல்லக் கூடாது என்று
படிவத்தில் எங்கும் இல்லை.

விசில் ஊத அவருக்கு
ஒரு நொடி கூடுதலாய் ஆனது.