ஏழோ, எட்டோ

மல்லாவி நெல் களஞ்சியத்தில்
மூட்டை எண்ணுகிறவள் நான்.
நாற்பத்தைந்து, நாற்பத்தாறு,
நாற்ப—
இருமல்.
முதுகில் மூட்டையோடு நிற்கிறான் அமிர்தராசா.
"ஏழோ, எட்டோ, மிஸ்?"
எனக்கும் தெரியாது.

தடிமன் வந்தது பொங்கலுக்கு மூன்று நாள் முந்தி.
மூக்கு ஒழுகியது, தலை இடித்தது,
ஐந்தாம் நாள் எழும்பித் தலை முழுகினேன்.
போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.
விருந்தாளி போன பிறகும்
வாசலில் கிடக்கிற செருப்புப் போல
இது மட்டும் கிடந்தது:
தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே
ஓர் உமி ஒட்டிய அரிப்பு.

சிரித்தால் வரும்.
ஃபோனில் கதைத்தால் வரும்.
துணுக்காய் பஸ்ஸில்
யன்னல் காற்றுக்கு வரும்.
இரவு தலை சாய்த்தால்
அதற்கென்றே காத்திருந்தது போல வரும்.
யோகேந்திரன் மற்றப் பக்கம் திரும்பி
நித்திரை போல நடிப்பார்.
நானும் நம்புவது போல நடிப்பேன்.

தேவமலர் ஆடாதோடை இலை கொண்டுவந்தாள்.
கடைக்காரர் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும்
காசு வாங்காமல் கட்டித் தந்தார்.
மச்சான் தந்தது
தன் பழைய காய்ச்சலில் மிஞ்சிய நாலு குளிசை,
பாதி சிவப்பு, பாதி கறுப்பு.
பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி
பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.
அவள் மனதில் ஓடிய சொல்
என் மனதிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
நாலாம் கிழமைத் திங்கள் லீவு போட்டேன்.

சளி எடுத்தார்கள், படம் எடுத்தார்கள்.
இரண்டிலும் ஒன்றுமில்லை.
"அப்ப ஏன் இருமுது?"
டொக்டருக்கு என்னிலும் பத்து வயது குறைவு.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
"கிருமி எப்பவோ போட்டுது.
அது போன பாதை இன்னும் ஆறேல்லை.
கொஞ்சத் தூசிக்கும் குளிர்காத்துக்கும்
நரம்பு துள்ளுது.
எட்டுக் கிழமையும் எடுக்கும், சிலபேருக்கு."

இதைக் கேட்டு வேறொன்று நினைத்தேன்.
இந்தப் பக்கத்தில் எவரும் நினைப்பார்கள்.
அதை எழுதப் போவதில்லை.
இது இருமலைப் பற்றியது.

மச்சானின் குளிசையை மேசையில் வைத்தேன்.
"இதுக்கு இதில வேலை இல்லை" என்று
குப்பைவாளிக்குள் போட்டார்.
கொசுவர்த்தியை நிப்பாட்டி வலை கட்டுங்கோ.
களஞ்சியத்துக்குள்ள மாஸ்க்.
கொதிக்க வைச்சு ஆறின தண்ணியில உப்புப் போட்டு
மூக்கைக் கழுவுங்கோ.
படுக்கேக்க ஒரு கரண்டி தேன்.
"ரத்தம் கண்டா, மூச்சு வாங்கினா,
காய்ச்சல் திரும்பினா, உடம்பு வத்தினா
உடன வாங்கோ.
எட்டுக் கிழமை தாண்டினாலும் வாங்கோ.
வீட்டில இருந்து நாள் எண்ணாதேங்கோ."
எண்ணுவது என் தொழில் என்று
அவருக்குத் தெரியாது.

அரிப்பு ஏறும்போது வாயை மூடி,
எச்சிலை விழுங்கி,
மூக்கால் மெல்ல இழுத்து,
ஒரு மிடறு சுடுதண்ணீர்.
பத்துத் தரத்தில் ஏழு தரம் தோற்றேன்.
மத்தியானத்தில் மாஸ்க்கைக் கழற்றினால்
அதன் முகம் மண்ணிறம்.
இதுவரை இதெல்லாம் எங்கே போனது
என்று யோசித்தேன்;
பிறகு யோசிக்காமல் விட்டேன்.
அமிர்தராசாவுக்கும் ஒரு பெட்டி வாங்கினேன்.
நாடியில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறான்.

மாசி பாதி. கடைசி லோட்.
நூற்றுப்பத்து.
நூற்றுப்பதினொன்று.
அமிர்தராசா வழக்கம் போல நின்றான்,
மூட்டையோடு, எனக்காக.
நின்றுகொண்டே இருந்தான்.
"என்ன மிஸ், இருமேல்லையோ?"
"நட நட. நூற்றுப்பன்னிரண்டு."

அன்றிரவும் தலையணையை
இரண்டாக அடுக்கித்தான் படுத்தேன்.
விடியப்புறம் ஒன்று வந்தது.
சின்னது.
எண்ணவில்லை.