பழுப்புப் பஞ்சு

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
ஆஸ்ட்ராவாவில் அதை
வாளியில் விற்கிறார்கள்,
இருபது கிலோ வெள்ளைத் தூளாக.
கப்பல் பற்றவைக்க நார்வே போன ராடிம்
முந்நூறு லிட்டர் கடலை
என் கூடத்தில் விட்டுப் போனான்.
கூடவே நான்கு மீன்கள்.
குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்:
ஒருவேளைதான் தீனி, ஒரு சிட்டிகைதான்.
விளக்கு ஒன்பதுக்கு அணையும், நீ தொடாதே.
ஒன்றை மட்டும் எழுத மறந்துவிட்டான்.

இருபத்தாறு வருடமாக
மருத்துவமனையின் மூன்றாம் மாடியைத் துடைப்பவள் நான்.
அழுக்கு எங்கே ஒளியும் என்பது
என் முழங்கால்களுக்கே தெரியும்.
ஞாயிறு மதியம் வடிகட்டியைத் திறந்தேன்.
உள்ளே பஞ்சு,
காப்பிக் கசடாய்ப் பழுத்து
வழவழவென்று.
அட, என் வயிற்றில் பிறந்தவனா இவன்!
குழாயைத் திறந்து பிழிந்தேன்,
கொதிநீர் ஊற்றிப் பிழிந்தேன்,
மறுபடி, மறுபடி,
புதுப் படுக்கை விரிப்பின் வெண்மை வரும்வரை.
அன்றிரவு நல்ல தூக்கம்.

புதன்கிழமை
மஞ்சள் மீன் நீரின் மேல்தோலில் வாய் வைத்துக்
காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது.
செவுள்கள் அழுத கண்போலச் சிவந்து.
கோமாளி மீன்கள் இரண்டும்
மூலையில் சாய்ந்து நின்றன,
கடைசி டிராமைத் தவறவிட்டவர்கள் மாதிரி.
மணல் தோண்டும் சின்னது மட்டும்
எதுவும் நடக்காததுபோல்
வாய் வாயாக மணலைத் துப்பியது.

சோதனைக் குழாயில் சொட்டுகள் விட்டுக் குலுக்கி
ஐந்து நிமிடம்.
மஞ்சள் வர வேண்டிய இடத்தில் பச்சை,
வசந்தகாலப் பச்சை, பார்க்க அழகாய்.
அட்டையில் அதன் பெயர் அம்மோனியா.

எனக்கா தெரியாது அதை?
கண்ணாடி துடைக்கும் நீலக் குப்பியில்
தினமும் மூக்கில் ஏறுவது.
நான் அதைச் சம்பளத்துக்குச் சுவாசித்தேன்.
இவை சும்மா.

தொலைபேசியில் முதலில் காற்று, பிறகு ராடிம்.
"பஞ்சைக் கழுவினாயா?"
"கழுவினேன்."
"எதில்?"
"குழாயில். வெந்நீரும்."
மறுபடி காற்று, வெகுநேரம்.
"அந்தப் பழுப்புக்கு உயிர் இருந்ததம்மா.
மீன் கழிப்பதை அதுதான் தின்றுகொண்டிருந்தது."
கோபப்பட்டிருக்கலாம் அவன்.

இரவெல்லாம் உப்பு கரைத்தேன்.
சூடு இருபத்தைந்து, உப்புமானி முள் பச்சைக் கோட்டில்,
பாதிக் கடலை வெளியே இறைத்து
பாதிக் கடலை உள்ளே ஊற்றினேன்.
தீனி போடவில்லை.
நாலு மணிக்கு மஞ்சள் மீன்
பக்கவாட்டில் படுத்தது.
கைவசம் இருந்த துணிகளில்
புதிதாகப் பிரித்த துடைதுணிதான் நல்லது.
அதில் சுற்றினேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் துவானின் கடை.
"வெள்ளையாகவா கழுவினீர்கள்?" என்றார்.
"வெள்ளையாக."
சிரிக்காமல் கத்தரிக்கோலை எடுத்து
தன் தொட்டியின் பஞ்சில்
ரொட்டித் துண்டளவு வெட்டி
அதே தண்ணீரோடு பையில் முடிந்தார்.
"சூடு போகக்கூடாது, யார்மிலா அம்மா."
காசு நீட்டினேன்.
"அழுக்குக்கு யார் விலை போடுவார்?"

வெளியே உறைநிலைக்குக் கீழே பதினொன்று.
பொத்தான்களைக் கழற்றி
உள்சட்டைக்கும் மேலங்கிக்கும் நடுவே
பையை வைத்துக்கொண்டேன்.
எட்டாம் எண் டிராமில்
பக்கத்து இருக்கைப் பெண் முகர்ந்துவிட்டு
எழுந்து போனாள்.
பை எங்கோ கசிந்தது.
சேற்றுநாற்றம் இடுப்புவரை இறங்க இறங்க
இரு கையாலும் அணைத்தபடி
நிறுத்தங்களை எண்ணினேன்.

இன்று பன்னிரண்டாம் நாள்.
குழாயில் மஞ்சளா, மஞ்சளில் ஒரு துளிப் பச்சையா?
ஜன்னலருகே ஒன்று, விளக்கடியில் ஒன்று.
பெரிய கோமாளியின் வாலில் இன்னும்
நைந்த ஓரம்.
சின்னது குழி தோண்டுகிறது.

ராடிமின் தாளுக்குக் கீழே
நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்,
கொட்டை எழுத்தில்: பஞ்சைத் தொடாதே.
ஞாயிறு மதியமானால்
கை தானாகப் போகிறது.